பிள்ளையைப் பார்க்க விடவில்லையா? வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

விவாகரத்து வழக்கு நடக்கும்போதோ, முடிந்த பிறகோ, கூட இல்லாத பெற்றோரிடம் பிள்ளை திடீரென்று பேசுவதை நிறுத்திவிடும். போன் எடுக்காது. பள்ளி வாசலில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். போன வருஷம் வரை தோளில் ஏறி உட்கார்ந்த பிள்ளை, "நீ எங்கள வேணாம்னு போயிட்டியாமே, ஆயா சொல்லிச்சு" என்று கேட்கும். ஒரு பெற்றோரோ அவர் வீட்டாரோ இப்படிப் பிள்ளை மனதில் மற்றவர் மேல் வெறுப்பை ஏற்றுவதைத் தீர்ப்புகளில் 'பேரன்டல் ஏலியனேஷன்' என்று குறிப்பிடுகிறார்கள். இதைப் பற்றி அதிகம் பேசுவது அப்பாக்கள்தான். ஆனால் பிள்ளையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வெளியேற வேண்டி வந்த அம்மாக்களுக்கும் இதே கதிதான்.

வடசென்னையில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எங்கே எடுத்தாலும், இரண்டு வீடும் பல நேரம் நாலு தெரு தள்ளித்தான் இருக்கும். பிள்ளை தினமும் கண்ணில் படும், பேசத்தான் முடியாது. சித்தி, மாமா, எதிர்வீட்டு அக்கா என்று ஆளுக்கு ஒரு கதை சொல்ல, தெருவே கட்சி பிரிந்து நிற்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன என்று தோன்றுவதும் அதனால்தான். அதைச் செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

பெயரை விடுங்கள், சம்பவத்தைப் பிடியுங்கள்

நம் நாட்டில் எந்தச் சட்டத்திலும் இந்தப் பெயரில் ஒரு குற்றம் கிடையாது. 1985-ல் ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை ஒரு 'சிண்ட்ரோம்' என்று எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அப்படி ஒரு நோய் சேர்க்கப்படவில்லை. அடி உதைக்குப் பயந்து ஒதுங்கும் பிள்ளையைக்கூட 'அம்மா கெடுத்துவிட்டாள்' என்று திருப்பிவிட இந்தப் பெயர் பயன்படுகிறது என்று 2023-ல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் சிறப்பு அறிக்கையாளரே கண்டித்திருக்கிறார்.

நம் உச்சநீதிமன்றம் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறது. 2017-ல் விவேக் சிங் - ரோமணி சிங் வழக்கில், இரண்டு வயது நிரம்பும் முன்பே அம்மாவைப் பிரிந்து அப்பாவிடமே வளர்ந்த ஒரு பெண் குழந்தையின் விஷயம் வந்தது. குழந்தை அப்பாவோடு இருக்கவே விரும்பியது. அம்மாவோடு பழக வாய்ப்பே தராமல் வளர்த்துவிட்டு அந்த விருப்பத்தை மட்டும் காட்டினால் போதாது என்ற முறையில் பார்த்த நீதிமன்றம், குழந்தையை அம்மாவிடம் ஒப்படைத்தது. ஏலியனேஷன் பற்றி அதில் விரிவாகவே பேசியது. 2024 மே மாதம் கர்னல் ரம்னீஷ் பால் சிங் வழக்கில் அதே உச்சநீதிமன்றம் ஒரு கடிவாளம் போட்டது: யார், எப்போது, என்ன செய்து பிள்ளையைப் பிரித்தார் என்ற தனித்தனிச் செயல்களை அடையாளம் காணாமல் யார் மேலும் இந்த முத்திரையைக் குத்தக் கூடாது.

உங்கள் வழக்குக்கு இதன் பொருள் இதுதான். மனுவில் 'பேரன்டல் ஏலியனேஷன்' என்று பத்து இடத்தில் எழுதினாலும் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. தேதி, இடம், நடந்தது என்ன, யார் கூட இருந்தார் என்று நாலு சம்பவம் இருந்தால் நீதிபதி நிமிர்ந்து உட்கார்வார். இனி சொல்லப் போகும் எல்லாமே அந்த நாலு சம்பவத்தைச் சேர்ப்பதற்கும், அதற்குள் பிள்ளையை முழுக்க இழந்துவிடாமல் இருப்பதற்கும்தான்.

முதல் வேலை: உங்களை நீங்களே கேட்டுக்கொள்வது

பிள்ளை ஒதுங்குவதற்கு உங்கள் பக்கம் காரணம் இருக்கிறதா? குடித்துவிட்டு வீட்டில் கலாட்டா செய்ததைப் பிள்ளை பார்த்திருக்கிறதா? அடித்ததைப் பார்த்திருக்கிறதா? மாசக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருந்தீர்களா? அப்படியென்றால் அது யாரும் சொல்லிக்கொடுத்த வெறுப்பு இல்லை. அதை வைத்து வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே உங்களைப் பிரித்து மேய்ந்துவிடுவார். குடியை நிறுத்த சிகிச்சைக்குப் போங்கள், அந்தச் சீட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் யாராவது உடனிருக்கும் சந்திப்பைக் கேளுங்கள். மெதுவான வழிதான், ஆனால் வேறு வழி இல்லை.

காரணமே இல்லாமல், பிள்ளை தன் வயதுக்கு மீறிய வார்த்தைகளில் பேசுகிறது என்றால் விஷயம் வேறு. ஏழு வயதுப் பிள்ளை "ஜீவனாம்சம் ஒழுங்கா கட்டல இல்ல" என்று சொன்னால் அது அதன் வார்த்தை இல்லை. உங்களை மட்டும் அல்லாமல் உங்கள் அம்மா, தங்கை, தங்கை பிள்ளைகள் என்று உங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் ஒரே நாளில் வெறுக்க ஆரம்பிப்பதும் ஒரு அடையாளம்.

இரண்டாவது: ஒரு நோட்டு

கோடு போட்ட சாதா நோட்டு போதும். நடந்த அன்றே, பேனாவில் எழுதுங்கள். "அவள் பிள்ளையை எனக்கு எதிராகத் தூண்டிவிட்டாள்" என்று எழுதுவது வீண். இப்படி எழுத வேண்டும்: "ஜூன் 8, ஞாயிறு. காலை 10 மணிக்கு தண்டையார்பேட்டை வீட்டுக்குப் போனேன். மாமனார் கதவைத் திறந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். உள்ளே டிவி சத்தம், பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. 10.20 வரை நின்றேன். 10.25-க்கு மெசேஜ் அனுப்பினேன், பதில் இல்லை." உங்கள் கோபத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பிள்ளை நன்றாகப் பேசிய நாளையும் எழுதுங்கள். குறை மட்டும் எழுதிய நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவற்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்று இணைக்க வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி என்று சொன்னது இதைத்தான். வக்கீல் தயார் செய்து கொடுப்பார், ஆனால் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். போனை மாற்றி, பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-வது பிரிவு சாட்சிய விதிகளைக் கொஞ்சம் தளர்த்தித்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் எதிர்த்தரப்பு "இது எடிட் பண்ணது" என்று சொல்லும்போது கைகொடுப்பது அந்த போன்தான்.

கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கேள்வி கேட்டு ரெக்கார்ட் பண்ணாதீர்கள். "அம்மா என்ன சொன்னா? சொல்லு, இன்னொரு தடவ சொல்லு" என்று அதட்டும் உங்கள் குரலும் அதில் இருக்கும். நீதிபதி காதில் முதலில் விழுவது அதுதான்.

பஞ்சாயத்தும் ஸ்டேஷனும்

நம் பக்கம் முதலில் போவது ஏரியா பெரியவரிடம், கட்சிக்காரரிடம், பங்குத்தந்தையிடம் அல்லது ஜமாத்தில். பேசிப் பார்ப்பதில் தப்பில்லை. நல்ல பெரியவர் ஒருவர் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே கரையும். ஆனால் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியதும், நோட்டரி முன்னால் போட்ட பத்திரமும் நீதிமன்ற ஆணை ஆகாது. "பிள்ளையை இனி கேட்க மாட்டேன்" என்று அவசரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பிள்ளையின் நலன் என்ன என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அந்தத் தாள் அதைக் கட்டுப்படுத்தாது.

கஸ்டடியை, அதாவது பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை, அனைத்து மகளிர் காவல் நிலையம் முடிவு செய்ய முடியாது. இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதி வாங்குவார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளையைக் காட்ட மறுத்தார்கள் என்று மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். பின்னால் அது ஒரு தேதியிட்ட ஆதாரம்.

மூன்றாவது: எந்த நீதிமன்றம், எந்த மனு

சென்னையின் குடும்ப நீதிமன்றங்கள் பாரிமுனையில் உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கின்றன. திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை பக்கத்திலிருந்து மெட்ரோ ஏறினால் ஹைகோர்ட் ஸ்டேஷன். பெரம்பூர், வியாசர்பாடி ஆட்கள் பிராட்வே பஸ்ஸைப் பிடிக்கலாம். வளாக வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டை எடுத்துப் போங்கள்.

கஸ்டடி மனுவைப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின் 9-வது பிரிவு அது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகள் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தவை. அந்தப் பக்கத்துப் பிள்ளை என்றால் எந்த நீதிமன்றத்தில் போடுவது என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுத் தெளிவாகிவிடுங்கள். தப்பான இடத்தில் போட்டால் மனு திரும்பி வரும், மாசங்கள் போகும்.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால், இந்துத் திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில் அதே வழக்குக்குள் மனுப் போடலாம். தனியாகப் போடுவதென்றால் காப்பாளர் சட்டத்தின் 25-வது பிரிவு; கோர்ட் வட்டாரத்தில் இந்த மனுவை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். அதே சட்டத்தின் 12-வது பிரிவில் இடைக்கால ஆணை கேட்கலாம். இதுதான் முக்கியம். பிரதான வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை பிள்ளையைப் பார்க்க வைப்பது இடைக்கால மனுதான். முதல் நாளே இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டம், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டம் என்று வழி மாறினாலும் அளவுகோல் ஒன்றுதான்: பிள்ளையின் நலன்.

ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் வருட இந்துச் சிறார் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அப்பாக்கள் அந்த வயதில் முழுக் கஸ்டடிக்கு மல்லுக்கட்டிச் சக்தியை வீணாக்குவதைவிட, நல்ல சந்திப்பு நேரத்தை வாங்குவது மேல் என்பது என் கருத்து. பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தால் மற்றதைப் பின்னால் கேட்கலாம்.

மனு எண் விழுந்ததும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் ஆப்பில் போட்டுவையுங்கள். அடுத்த வாய்தா தேதிக்காகக் குமாஸ்தாவுக்கு போன் அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

நான்காவது: சந்திப்பை இன்ச் இன்ச்சாகக் கேட்பது

பெரும்பாலான மனுக்கள் கோட்டை விடுவது இங்கேதான். "குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும்" என்று ஒரே வரியில் கேட்டால், "மாதம் இருமுறை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் ஆணை வரும். அந்த ஒரு வரியில் நூறு சண்டை ஒளிந்திருக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த இடம், யார் கூட்டி வருவது, யார் திரும்பக் கொண்டு விடுவது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவர் சீட்டு காட்டி எந்த நாளில் ஈடுகட்டுவது என்று எல்லாம் மனுவில் இருக்க வேண்டும்.

உங்கள் பிழைப்பையும் அதில் எழுதுங்கள். காசிமேட்டில் விசைப்படகில் தொழில் செய்பவருக்கு "ஒவ்வொரு ஞாயிறும்" என்ற ஆணை உதவாது. கடலுக்குப் போனால் நாட்கணக்கில் வர முடியாது. அப்படி நாலு ஞாயிறு தவறினால் "அக்கறையில்லாத அப்பா" என்று எதிர்மனு வந்துவிடும். ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. அந்த விடுமுறையில் பாதியை உங்களோடு கழிக்க அனுமதி கேட்டு, காரணத்தையும் எழுதினால் அது நியாயமாகவே தெரியும். மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் வேலை செய்பவர்கள் ஷிப்ட் அட்டவணையை இணைக்க வேண்டும். எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் நிற்கும் அம்மாவுக்குத் தீபாவளி சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் லீவு கிடைக்காது; அவர் வாரநாள் மாலையைக் கேட்கலாம்.

தினமும் வீடியோ காலில் சில நிமிடம் பேசுவதையும் தனியாகக் கேளுங்கள். யஷிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்சநீதிமன்றம், பிள்ளைக்கு இரண்டு பெற்றோரின் அன்பும் கிடைக்கும் உரிமை உண்டு என்றும், சந்திக்க முடியாதபோது போன், வீடியோ கால் வழியாகவாவது தொடர்பு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இடைக்கால ஆணைக்கு அதை வக்கீல் மேற்கோள் காட்டலாம். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் என்று உங்கள் வீட்டுப் பண்டிகை எது, பிள்ளையின் பிறந்தநாள், காலாண்டு அரையாண்டு விடுமுறை எல்லாவற்றையும் பட்டியல் போட்டுப் பங்கு கேளுங்கள்.

பள்ளியையும் விடாதீர்கள். நீதிமன்ற அனுமதி இல்லாமல் டி.சி. வாங்கிப் பள்ளி மாற்றக் கூடாது, மதிப்பெண் அட்டையைப் பார்க்கவும் பெற்றோர் கூட்டத்துக்கு வரவும் அனுமதிக்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தால் அதற்கும் தடை கேளுங்கள், தாமதிக்க வேண்டாம். பிள்ளை கடத்தல் பற்றிய 1980-ஆம் வருட ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை; போன பிறகு திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

முதல் சில வாய்தாக்கள் கவுன்சிலிங், மீடியேஷன் என்று போகும். அலுத்துக்கொள்ளாதீர்கள். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நம் நாட்டில் முதன்முதலில் 2005-ல் தொடங்கியதே இந்தச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில்தான். அங்கே பேசியதை யாரும் வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது என்பதால் மனம்விட்டுப் பேசலாம். ஒரு சந்திப்பு அட்டவணை அங்கேயே கையெழுத்தானால், நீதிபதி போடும் ஆணையைவிட அது நன்றாக நடக்கும்.

ஐந்தாவது: பார்க்கப் போகும் நாள்

குடும்ப நீதிமன்ற வளாகத்திலேயே பிள்ளைகளைச் சந்திக்க ஒரு மையம் இருக்கிறது. பிள்ளை ரொம்ப விலகிப் போயிருந்தால் ஆரம்பச் சந்திப்புகளை அங்கே வைப்பது வழக்கம். சத்தம், அழுகை, பக்கத்தில் இன்னும் நாலு குடும்பம் என்று அந்த இடம் யாருக்கும் பிடிக்காது. இருந்தாலும் வந்தது, வராதது எல்லாம் பதிவாகும். அதற்காகவே அந்த இடத்தை மதிக்க வேண்டும்.

நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய்விடுங்கள். கூட்டமாகப் போகாதீர்கள், அத்தை, பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று பட்டாளம் வந்தால் பிள்ளை மிரளும். புது போன், சைக்கிள் என்று பெரிய பரிசு வேண்டாம். அந்த வீட்டில் அதுவே "பார்த்தியா, காசைக் காட்டி மயக்கறான்" என்ற பேச்சாகும். கேரம் போர்டோ, கலர் பென்சிலோ, அது முன்பு விரும்பிப் படித்த ஒரு கதைப் புத்தகமோ போதும். உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கும் கஷ்டம். கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் வாய் தானாகப் பேசும்.

பிள்ளை கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்பே பதில் யோசித்து வையுங்கள்.

"நீ அம்மாவ அடிச்சியாமே?"

பொய்யென்றால், "இல்ல கண்ணு. எனக்கும் அம்மாவுக்கும் சண்டை இருந்தது. அது பெரியவங்க விஷயம். உன் மேல எங்க ரெண்டு பேருக்குமே கோபம் இல்ல." அதோடு நிறுத்துங்கள். "யாருடா சொன்னது? அம்மாவா, உங்க ஆயாவா?" என்று கிளறினால், அன்று சாயங்காலம் வீட்டில் இன்னொரு விசாரணை நடக்கும், நடுவில் நசுங்குவது பிள்ளை.

"எனக்கு நீ வேணாம், போ" என்று சொன்னால் போய்விடாதீர்கள். "சரி, பேச வேணாம். நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நேரம் முடியும் வரை உட்காருங்கள். பிள்ளை அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. அடுத்த முறையும் அதே நேரத்துக்குப் போங்கள். அழுகை வந்தால் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். அப்பா அழுவதற்குத் தான்தான் காரணம் என்ற சுமையைப் பிள்ளை தலையில் ஏற்ற வேண்டாம்.

வெளியே கூட்டிப்போகும் அனுமதி கிடைத்தால் பெரிய செலவு வைக்காத இடங்கள் நம் பக்கமே இருக்கின்றன: ராயபுரம் ராபின்சன் பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா, மாதவரத்துத் தாவரவியல் பூங்கா. வியாசர்பாடிப் பிள்ளை ஃபுட்பால் ஆடும் என்றால் மைதான ஓரத்தில் நின்று பார்ப்பதே நல்ல சந்திப்பு. திரும்பக் கொண்டு விடும் நேரத்தில் ஐந்து நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

ஆணை இருக்கிறது, விடவில்லை

முதலில் அன்றே, மரியாதையாக ஒரு செய்தி: "இன்று ஆணைப்படி 10 மணிக்கு வந்தேன், பிள்ளையை அனுப்பவில்லை, அடுத்த வாரம் ஈடுகட்ட முடியுமா?" பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆவணம். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் அதே நீதிமன்றத்தில் ஆணையை நிறைவேற்றச் சொல்லி மனு. குடும்ப நீதிமன்ற ஆணையையும் சிவில் டிக்ரி போல நிறைவேற்றலாம். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 18-வது பிரிவு. போலீஸ் உதவி கேட்கவும் வழியுண்டு. ஆனால் காக்கிச் சட்டையோடு போய்க் கூட்டிவந்த அப்பாவைப் பிள்ளை லேசில் மறக்காது, கடைசி வழியாக வையுங்கள். வேண்டுமென்றே மீறியதாகக் காட்ட முடிந்தால் உயர்நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்குத் தொடுக்கலாம், ஒரு வருடத்துக்குள். தொடர்ந்து மீறுவதையே காரணமாகக் காட்டி, சந்திப்பு நேரத்தை அதிகரிக்கவோ கஸ்டடியையே மாற்றவோ கேட்பதும் சட்டப்படி சரி. பிள்ளை மனதில் வெறுப்பை விதைப்பதை 2022-ல் சென்னை உயர்நீதிமன்றமும் கடுமையாகச் சாடியிருக்கிறது.

பிள்ளை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மறைத்துவிட்டால் மட்டும், உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு பற்றிப் பேசுங்கள். கஸ்டடி விஷயத்திலும் அதை ஏற்கலாம் என்று 2019-ல் தேஜஸ்வினி கவுட் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லா வழக்குக்கும் அது குறுக்குவழி ஆகாது.

இடைக்கால ஆணை உங்களுக்கு எதிராக வந்தால், குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் அப்பீல் கிடையாது. அரசியலமைப்பின் 227-வது பிரிவில் உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மனுப் போடுவார்கள். இறுதித் தீர்ப்புக்கு 30 நாளுக்குள் அப்பீல்.

ஜீவனாம்சத்தை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. பிள்ளையைக் காட்டாவிட்டாலும் கட்ட வேண்டும். "காசும் தரல, பாக்கவும் வரல" என்ற ஒரு வரி, நீங்கள் சேர்த்த நோட்டு முழுவதையும் தின்றுவிடும். வங்கி வழியாகக் கட்டி, ரசீதை எடுத்து வையுங்கள். அதே போல, காசு வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதற்கும் மற்றவருக்கு உரிமை இல்லை.

நீதிபதி பிள்ளையிடம் பேசுவார்

விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசுவார். இதற்கு இத்தனை வயது என்று சட்டத்தில் வரையறை இல்லை. பிள்ளை சொன்னதே தீர்ப்பு ஆகிவிடாது, மற்றவற்றோடு சேர்த்து எடை போடுவார்கள். தேவைப்பட்டால் மனநல நிபுணரின் உதவியையும் நீதிமன்றம் கேட்கலாம். அதை நீங்களே மனுவில் கோரலாம். முந்தின சந்திப்பில் "ஜட்ஜ் கேட்டா இப்படிச் சொல்லு" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். தினமும் பிள்ளைகளைப் பார்க்கும் நீதிபதிக்கு மனப்பாடம் எது, மனதில் இருப்பது எது என்று தெரியும்.

பிள்ளை உங்களிடம் இருந்தால்

இதைப் படிப்பவர் பிள்ளையை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். மற்றவரால் பிள்ளைக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் சும்மா கதவை அடைக்காதீர்கள். அது பின்னால் உங்கள் மேலேயே திரும்பும். பெண்கள் 181-லும் குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098-லும் பேசுங்கள். 2005-ஆம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-வது பிரிவில் தற்காலிகக் கஸ்டடியும், தேவைப்பட்டால் சந்திப்புக்குத் தடையும் கேட்கலாம். மருத்துவமனைச் சீட்டு, சி.எஸ்.ஆர். எல்லாம் இணையுங்கள். ஆபத்து எதுவும் இல்லை, கோபம்தான் என்றால் ஆணைப்படி அனுப்பிவிடுங்கள். பிள்ளை "போக மாட்டேன்" என்று அடம்பிடித்தாலும், பள்ளிக்கு எப்படிச் சொல்லி அனுப்புகிறீர்களோ அப்படிச் சொல்லி அனுப்ப வேண்டும். வீட்டில் ஆயா, மாமா யார் பேச்சையும் கட்டுப்படுத்த வேண்டிய பொறுப்பும் உங்களுடையதுதான். "நான் ஒண்ணும் சொல்லல, எங்கம்மாதான் சொன்னாங்க" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

காசு இல்லை என்றால்

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம். ஆனால் எதிர்த்தரப்பில் வக்கீல் இருந்தால் தனியாக நிற்பது கஷ்டம். உயர்நீதிமன்ற வளாகத்திலேயே மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி உதவிக்கு 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. எண்ணூர், மணலி கம்பெனிகளில் வேலை செய்யும் எத்தனையோ அப்பாக்களுக்குத் தாங்கள் இந்தப் பட்டியலில் இருப்பது தெரியாது. போகும்போது ஆதார், திருமணப் பதிவு அல்லது பத்திரிகை, பிள்ளையின் பிறப்புச் சான்று, சாதிச் சான்று அல்லது கம்பெனி அடையாள அட்டை, முன்பு வந்த ஆணைகள், அந்த நோட்டு எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு முறை தோற்றாலும் திரும்பப் போகலாம். கஸ்டடி ஆணைகள் நிலைமை மாறும்போது மாற்றக்கூடியவை என்று உச்சநீதிமன்றம் 1973-லேயே, சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது. பிள்ளை வளர்ந்தது, பள்ளி மாறியது, உங்களுக்கு வேலையும் வீடும் நிலைத்தது, மற்றவர் மறுமணம் செய்துகொண்டது என்று புதிய நிலைமை எதுவானாலும் அதைக் காட்டிப் புது மனுப் போடலாம். பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை இந்த வழி திறந்திருக்கும்.